இரும்பு விளையும் நாட்டுக்குப் போகும் மகளுக்கு

தியாகராய நகர்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் கண்ணான பிலோமினாவுக்கு,

பூசை முடிந்து வந்து, காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். தகரப் பெட்டி மூடவில்லை என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அப்பாவைப் பூட்டச் சொல்லி நீ அதட்டுவது எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் இந்த ஒரு வாரமாக நான் வாயைத் திறந்தால் யாராவது குறுக்கே விழுகிறார்கள். உன் அத்தை மலேரியாவைப் பற்றி ஆரம்பிக்கிறாள். அப்பா கொசுவலையைக் கூடத்தில் விரித்துக் காட்டுகிறார். நீ சிரிக்கிறாய், உன்னைப் பார்த்து நானும் சிரிக்கிறேன், சொல்ல வந்தது போய்விடுகிறது. அதனால் எழுதிக் கையில் கொடுத்துவிடப் போகிறேன். ரயில் பேசின்பிரிட்ஜைத் தாண்டிய பிறகு பிரித்துப் படி.

எனக்குப் பயம் இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, உண்மைதான். அதைப் பார்த்து உன் அத்தை, "பாவம், பெத்தவ வயிறு" என்கிறாள். நான் மறுக்கவில்லை. இது பயத்தின் படபடப்பு இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு நாளன்று, பேர் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு படபடப்பு வருமே, அதுதான் இது. என் மகள் கூட்டுறவு இலாகாவில் உதவி அதிகாரி! நேற்றுவரை ஒரு ராஜாவின் சமஸ்தானமாக இருந்து, இப்போது நம் இந்தியாவோடு சேர்ந்துவிட்ட ஒரியா மலைநாட்டுக்கு, சர்க்கார் முத்திரை போட்ட உத்தரவோடு போகிறாள்! எனக்கு உன் வயதில் சாந்தோமிலிருந்து தேனாம்பேட்டைக்குத் தனியாகப் போக அனுமதி கிடையாது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அந்த நாட்டைப் பற்றி நீ சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மலை முழுக்கத் தேக்கைப் போல வைரம் பாய்ந்த மரம். மண்ணைக் கீறினால் இரும்பு. அரக்கு, தேன், மூங்கில் என்று இல்லாத பொருள் இல்லை. எல்லாம் வண்டி வண்டியாக ரயிலேறிக் கீழே போகிறது. திரும்பி வரும் ரயிலில் அரிசியும் உப்பும் துணியும் வருகின்றன. அந்த ரயில் வராத வருஷத்தில் அவ்வளவு செல்வத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு ஜனங்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்கிறார்கள். அதைத் தோண்டவும் காட்டைக் குத்தகை எடுத்தவனிடம் கெஞ்சவேண்டும். இதைச் சொல்லும்போது உனக்கு வந்த கோபத்தில் தட்டிலிருந்த வஞ்சிரத்தை மறந்துவிட்டாய்; அதை அப்பா எடுத்துச் சாப்பிட்டுவிட்டார். "இப்படியும் ஒரு நாடு இருக்குமாம்மா?" என்று கேட்டாய். இருக்கும் கண்ணே. அது ஒருநாள் காலையில் மாடு பூட்டி நம் தெருவுக்கே வந்தது. நீயும் பார்த்தாய், ஆனால் பாதியைத்தான் பார்த்தாய். மீதியை நான் சொல்கிறேன்.

அப்போது உனக்குப் பதினைந்து வயது. யுத்தம் தொடங்கி இரண்டாவது மார்கழி. அப்பா துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேர்க்கடலை வாங்கித் தரும் உத்தியோகத்தில் இருந்தார். செங்கற்பட்டுக்குத் தெற்கே ஊர் ஊராகப் போவார். கம்பும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவர்களிடம், "இதை விட்டுவிட்டுக் கடலை போடுங்கள், மகசூல் மொத்தத்தையும் கம்பெனி எடுத்துக்கொள்ளும்" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் நம்பியதைத்தான் சொன்னார். நம் கடலையெல்லாம் கப்பலேறிப் பிரான்சு தேசத்துக்குப் போய், அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கோடையில் பிரான்சு ஜெர்மானியரிடம் விழுந்தது. சண்டை தீபாவளிக்குள் முடிந்துவிடும், வேறு கப்பல் வரும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதையும் அவர் நம்பினார். ஆடியில் விதைத்தார்கள். கார்த்திகையில் மகசூல் வந்தது. கப்பல் வரவில்லை. மார்கழி பிறந்ததும், இனி ஒரு மூட்டையும் வாங்குவதற்கில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. விடிந்தும் விடியாத நேரம், பஜனை கோஷ்டி சற்று முன்புதான் தெருவைக் கடந்து போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கமலா மாமி வாசலை அடைத்துப் பெரிய தேர்க்கோலம் போட்டு முடித்திருந்தாள். அப்போது மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால், சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் தெருவுக்குள் நுழைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கழுத்துவரை மூட்டை. முதல் வண்டி நேராக மாமியின் தேரின்மேல் ஏறி நின்றது.

"என்ன டீச்சர் இது?" என்று மாமி என்னைப் பார்த்து அலறினாள். "இது தெருவா, சந்தையா? இருட்டோட எழுந்து குனிஞ்சு போட்ட கோலம், மாடு மிதிச்சுண்டு நிக்கறது! உங்காத்துக்காரரைக் கூப்பிடுங்கோ!"

அந்த முதல் வண்டியிலிருந்து இறங்கியவள்தான் குப்பம்மாள். இன்றைக்கு உனக்கு அவளை நன்றாகத் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியாது. நெடுநெடுவென்ற உயரம். மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் சொந்த நிலம், புருஷன் இல்லை, அவளேதான் விவசாயம். இடுப்பில் கைவைத்துக்கொண்டு நம் வாசலைப் பார்த்து நின்றாள். "அய்யா கீறாரா? எங்க ஊருக்கு வந்து, கம்பு இன்னாத்துக்கு, கேவுரு இன்னாத்துக்கு, மல்லாட்டையப் போடு, வெள்ளக்காரன் வந்து அள்ளிக்கினு போவான்னு சொன்னாரே, அந்த அய்யா. அவரத்தான் பாக்கணும். அவன் அள்ளிக்கினு போவல. நாங்களே அள்ளிக்கினு வந்துட்டோம்."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று நீ என் காதில் சொன்னாய். பிறகு வீட்டுக்குள் நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் உள்ளே ஓடினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே பேசியது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "நான் என்ன முகத்தை வெச்சிக்கிட்டு வெளியே போவேன்?" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "இருக்கிற முகத்தை வெச்சிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நானே வெளியே வந்தேன்.

வந்துவிட்டேனே தவிர, என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒரு தெரு நிறையக் கடலை. வாங்க ஆள் இல்லை. அதை விளைத்தவர்கள் வீட்டில் அடுப்பில் வைக்கத் தானியம் இல்லை; கம்பு போட்டிருந்த நிலத்திலும் கடலையைப் போட்டுவிட்டார்கள். சர்க்காருக்குக் கிஸ்தி கட்டவேண்டும். குப்பம்மாள் இதையெல்லாம் ஒப்பாரி வைக்கவில்லை, சண்டை போடும் குரலில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு இன்னும் எண்ணெய் வாங்கவில்லையே என்ற நினைப்பு, சம்பந்தமே இல்லாமல் வந்தது. சம்பந்தமே இல்லாமலா? சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா சிரிக்கிற?"

"நீங்க இதை ஆட்டி எண்ணெயா விக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"எங்க ஊருல செக்கு ஓஞ்சி போயி வருசமாச்சி. எல்லாம் மூட்டையா கப்பலுக்குப் போவுது. செக்குக்காரனும் பட்டணத்துக்கு வந்துட்டான்."

அப்படிப் பட்டணத்துக்கு வந்த ஒரு செக்குக்காரனை எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டைத் தாண்டினால் மேற்கு மாம்பலத்தில் தேவராஜின் செக்கு. அவன் அதே ஊர்க்காரன் இல்லை, ஆனால் அதே கதைக்காரன். குப்பம்மாளையும் உன்னையும் கூட்டிக்கொண்டு, தலைகூடச் சீவாமல் போனேன். அவன் பல்குச்சியும் கையுமாக வந்தான். "இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால ஊரையே கூட்டியாந்துக்கீற?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "ஆட்டலாம். ஆனா என் மாடு கெழம். இத்தினி கொட்டைக்கு அது செக்க சுத்திக்கினே செத்துப்பூடும்." குப்பம்மாள் ஒரு நிமிஷம் அவனை முறைத்தாள். "அட பேமானி, எங்க வண்டியில பூட்டிக்கினு வந்துகீறமே, அது இன்னா கழுதையா? மாடுதானே! மாத்தி மாத்திப் பூட்டு!" என்றாள். அவள் திட்டியது தேவராஜுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. "வா தாயி" என்று கதவைத் திறந்துவிட்டான்.

அந்த வாரத்தைப்போல் ஒரு வாரத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பின்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்து கடலை உடைத்தார்கள். தொலி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வண்டிமாடுகள் முறைவைத்துக்கொண்டு மாம்பலத்துக்குப் போய்ச் செக்கிழுத்தன. எண்ணெய் வந்தது. ஆனால் எண்ணெய் வந்தால் போதுமா? நம் தெருவில் அதை வாங்க ஒருவரும் இல்லை. நல்லெண்ணெய்தான் எண்ணெய், கடலை எண்ணெய் விளக்கெரிக்கவும் வண்டிக்குப் போடவும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். நான் முறுக்கு சுட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நம்மவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் தெருவில் முக்கால்வாசிப் பேர் நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். நான் சுட்ட முறுக்கை எப்படித் தொடுவார்கள்?

அப்போதுதான் நீ வண்டிமேல் ஏறினாய். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. பேச்சுப்போட்டியில் வாங்கிய மெடலைக்கூடக் குத்திக்கொண்டிருந்தாய் என்று ஞாபகம். இல்லை என்று நீ இப்போதும் சாதிப்பாய். பாண்டி பஜாருக்குப் போகும் ஜனங்கள் நின்று பார்க்கும்படி கத்தினாய். "பிரான்சு தேசத்துத் துரைமார் வீட்டுச் சமையலில் நம்ம கடலை எண்ணெய்தான்! நாலு கடல் தாண்டிப் போனதை அவர்கள் சாப்பிடலாம், நாலு வீடு தள்ளி நாம் சாப்பிடக்கூடாதா?" ஒரே சிரிப்பு. ஆனால் ஒருவரும் பாத்திரம் எடுத்து வரவில்லை. மாமி மட்டும் தன் கேட்டுக்குப் பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தூக்கை எடுத்து வந்தாள். "நேரே செக்கிலேந்து வந்ததுதானே? வேற பாத்திரத்துல மாத்தலையே? சரி, இதுல விடு" என்றாள். அரைமணி கழித்து அவள் வீட்டிலிருந்து அப்பளம் பொரிக்கும் வாசனை வந்தது. அடுத்து அவளே கையில் அப்பளத்தோடு வாசலுக்கு வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பொரியறது நன்னாத்தான் பொரியறது. நாத்தமும் இல்லை. என் கோலத்தை மிதிச்சதுக்குத்தான் இன்னும் கோபம்."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மயிலாப்பூரில் இருந்த அவள் தங்கைமார்கள், லஸ் பக்கத்தில் அவள் சம்பந்திவீடு என்று பொழுது சாய்வதற்குள் தூக்குகளும் கூஜாக்களும் வரிசை கட்டின. பஜாரிலிருந்து ஓட்டல்காரர் வந்து ஒரு ஈடு வடை போட்டுப் பார்த்துவிட்டு, தினமும் வேண்டும் என்றார். கூட்டம் தாங்காமல் நான் திணறிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது. "தள்ளு, நான் அளக்கிறேன்." திரும்பிப் பார்த்தால் உன் அப்பா, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். குப்பம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வா அய்யா. இப்பவாச்சும் வந்தியே" என்று அளக்கும் படியை அவர் கையில் கொடுத்தாள். கம்பெனி சொன்ன விலை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தானியமும் துணியும் ஏற்றிக்கொண்டு சலங்கை குலுங்க அந்த வண்டிகள் திரும்பிப் போனபோது, நானும் நீயும் தெருமுனைவரை கூடவே ஓடினோமே! உன் அப்பாவின் கம்பெனி உத்தியோகம் போயிற்று. தேவராஜோடு சேர்ந்து அவர் நடத்தும் இந்த எண்ணெய் வியாபாரம் வந்தது. உன்னைக் காலேஜுக்கு அனுப்பியது இதுதான்.

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு சந்தோஷமான கதை. இதைத்தான் நீ உன் சிநேகிதிகளிடம் சொல்வாய். ஆனால் நீ போகும் நாட்டுக்கு உதவப்போவது இதன் அடுத்த பாதிதான். அதில் நீ நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது.

ஒரு வருஷத்துக்குமேல் கழித்து ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். நாம் தின்றுகொண்டிருந்தது எவ்வளவு தூரம் பர்மா அரிசி என்பது அது நின்றபிறகுதான் நமக்குத் தெரிந்தது. கடலையும் பருத்தியும் அயலானுக்கு விளைத்துக்கொண்டு, வயிற்றை ரங்கூன் கப்பலுக்கு ஒப்படைத்திருக்கிறோம்! அந்தச் சித்திரையில் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியாயிற்று. தியாகராய நகரில் வீட்டுக்கு வீடு பூட்டு. எங்கே போவது என்று நாம் விழித்துக்கொண்டிருந்தபோது, குப்பம்மாள் வண்டியனுப்பிவிட்டாள். "அம்மாவும் பொண்ணும் அய்யாவும் இங்க வந்து கெடக்கட்டும்" என்று வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பியிருந்தாள். போனோம். நிலத்தில் பாதியை மறுபடி கம்புக்கும் கேழ்வரகுக்கும் திருப்பிவிட்டிருந்தாள். தானியக் குதிர் நிரம்பியிருந்தது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. "இனிமே எந்தக் கப்பலு வந்தா இன்னா, வராட்டி இன்னா?" என்றாள். எனக்கும் அப்பாவுக்கும் அதைக் கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது.

உனக்கு மட்டும் குளிரவில்லை. நீ சேரிப்பக்கம் போய் வந்துகொண்டிருந்தாய். அவள் நிலத்தில் வேலை செய்தவர்களெல்லாம் அங்கேதான் இருந்தார்கள். முன்பு கம்பு விளைந்த காலத்தில் அவர்களுக்குக் கூலி கம்பாகவே கிடைத்தது. கடலை வந்தபிறகு கூலி காசாக மாறியது. இப்போது தானிய விலை மரமேறி நிற்கிறது; காசு அதே காசு. களத்தில் முனியம்மா என்பவள் முன்னால் வந்து குப்பம்மாளிடம் கேட்டாள். "ஆயா, கூலிய கம்பாவே குடுத்துடு. கடையில போனா இந்தக் காசுக்கு ஒண்ணும் வரல. காச மென்னு தின்ன முடியுமா?" குப்பம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காசுதான் பேச்சு. கம்பு வியாபாரிக்குச் சொல்லியாச்சி. நல்ல வெல வருது" என்றாள். முனியம்மாவும் அவளோடு வந்தவர்களும் திரும்பப் பார்த்தார்கள். அப்போதுதான் நீ எழுந்தாய்.

"எங்க அப்பா உங்களுக்கு என்ன செஞ்சாரோ, அதையேதான் நீங்க இவங்களுக்குச் செய்றீங்க" என்றாய். "கம்பு வேண்டாம், காசு வாங்கிக்கோன்னு அவர் சொன்னாரு. நீங்க வண்டி கட்டிக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தீங்க. இவங்களுக்கு வண்டி இல்ல. அதான் நடந்து வந்திருக்காங்க."

நமக்கு நிழல் கொடுத்தவளை அவள் களத்தில் வைத்தே கேட்கிறாய்! குப்பம்மாளின் முகம் கறுத்தது. "எங்க வூட்டுச் சோத்தத் தின்னுட்டு எனக்கே ஞாயம் சொல்றியா?" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டாள். அன்று அவள் நம்மோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. மூட்டை கட்டலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். பொறுங்கள் என்றேன். உன்னை அடக்கச் சொல்லி அவர் கண்ணைக் காட்டினார். நான் அடக்கவில்லை. நீயோ யாரோடும் சண்டைக்கும் போகவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை. காலையில் எழுந்து, எப்போதும்போல் அதே களத்துக்குப் போய், முனியம்மாவோடு உட்கார்ந்து கடலை உடைத்தாய். குப்பம்மாள் வருவாள், பார்ப்பாள், போவாள்.

பிறகு ஒருநாள் சேரியில் பாதிப்பேர் பானைசட்டியைக் கட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. தாம்பரத்துப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் ஏதோ கட்டுகிறார்கள், அங்கே கல் சுமந்தால் கூலியோடு அரிசியும் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குப்பம்மாள் கயிற்றுக்கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டாள். "டீச்சரம்மா, ஆளு போயிட்டா நெலம் எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். பிறகு, "உன் பொண்ணுக்கு வாயி ரொம்ப நீளம்" என்றாள். எழுந்து போய்க் குதிரின் வாயைத் திறந்து, "முனியம்மா! கூடைய எடுத்துக்கினு வா!" என்று சேரிவரைக்கும் கேட்கும்படி கத்தினாள். அது வெட்கத்தால் வந்ததா, கணக்கால் வந்ததா என்று அன்றிரவு அப்பாவும் நானும் வாதாடினோம். எனக்கு இப்போது அது முக்கியமாகத் தோன்றவில்லை. கம்பு குதிரிலிருந்து வெளியே வந்தது. சேரி காலியாகவில்லை. அங்கிருந்த குழந்தைகள் வயிறு நிறையக் கூழ் குடித்ததை நாம் இருவரும் பார்த்தோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. முனியம்மாவுக்குக் கம்பு கொடுத்த அதே குப்பம்மாளின் கிணற்றில் முனியம்மா தண்ணீர் எடுக்க முடியாது. நாம் அங்கே இருந்த மாதங்களில் நீ அதையும் கேட்டாய். அதற்கு அவள் குதிரின் வாயைத் திறந்ததுபோல் கிணற்றைத் திறக்கவில்லை. இன்றும் திறக்கவில்லை. உலையில் போடத் தானியம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நான் அன்று நினைத்தேன். தானாக ஒன்றும் வருவதில்லை. நீ போகும் நாட்டிலும் இரும்பும் மரமும் ரயிலும் ஒரு பக்கம். யார் எந்தப் படியேறலாம், யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது இன்னொரு பக்கம். உன் இலாகா உத்தரவில் முதலாவதுதான் எழுதியிருக்கும். இரண்டாவதை நீயே பார்த்துக்கொள்ளவேண்டும்.

அம்மா என்பதால் கொஞ்சம் புத்தி சொல்லாமல் விட முடியாது. அங்கே போனதும் சங்கம் வைக்கிறேன் என்று கூட்டம் போட்டுவிடாதே. முதலில் சந்தைக்குப் போ. அவர்கள் எதை விற்கிறார்கள், எதை வாங்குகிறார்கள், எதை முன்பெல்லாம் வீட்டிலேயே செய்து இப்போது விட்டுவிட்டார்கள் என்று பார். ஓய்ந்துபோன செக்கு ஏதாவது ஒன்று அங்கேயும் நிச்சயம் இருக்கும். அரக்கோ மூங்கிலோ, அது மூட்டையாகப் போகாமல் பண்டமாகப் போக ஒரு வழி இருக்கும். அதைக் கண்டுபிடித்தாலும், அந்தப் பண்டத்தை முதலில் ருசிபார்க்க ஒரு கமலா மாமி வேண்டும். அவளை நல்ல குணக்காரர்களிடையே மட்டும் தேடாதே, உன்னோடு சண்டைக்கு வருகிறவர்களிடமும் தேடு. லாபம் வரத் தொடங்கியதும், அது யாருடைய குதிரில் போய் நிற்கிறது என்று திரும்பிப் பார். கோபம் வந்தால் கோபப்படு, அது உன் சொத்து. ஆனால் மறுநாள் காலையில் அதே களத்துக்குப் போய் உட்கார். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. பதினேழு வயதில் நீ செய்துகாட்டியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். உத்தியோகம் பெரிதாக ஆக, இதெல்லாம் மறந்துபோகும் என்றுதான்.

இன்னொரு செய்தி. அத்தைக்குத் தெரியாது, அப்பாவுக்குப் பாதிதான் தெரியும். ரயில்வே உத்தியோகத்தில் அந்தப் பக்கம் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவரின் மனைவி மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள். ஒரு மாதமாகச் சாயங்காலங்களில் அவளிடம் போய் ஒரியா கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் பேசினால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். "இன்று என்ன சமைத்தீர்கள்?" என்று பிழையில்லாமல் கேட்க வந்துவிட்டது. அதற்கு அவர்கள் சொல்லும் பதில் புரியத்தான் இன்னும் வரவில்லை. கோடை விடுமுறை விட்டதும் கிளம்பி வருகிறேன். அங்கே பள்ளிக்கூடம் இருந்தால் ஒரு மாதம் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் ஒரு மரத்தடி போதும். உன் அப்பா சமைத்துக்கொள்ளப் பழகுகிறார். நேற்று ரசம் வைத்தார். குடித்தோம், உயிரோடு இருக்கிறோம்.

நாளைக்கு சென்ட்ரலில் உன் சித்தி, மாமா, கோயில் ஜனங்கள் எல்லாரும் வருவார்கள். வண்டி நகரும்போது நான் அழுவேன், அழாமல் நின்றால் பெற்ற தாயா என்பார்கள். ஜன்னல் வழியாக அதைப் பார்த்து நீ கலங்கியிருந்தால், இதைப் படிக்கும்போது தெளிந்துகொள். கண்ணீர் அவர்களுக்கு. உள்ளே எனக்கு மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்.

பெட்டி பூட்டிவிட்டது போலிருக்கிறது, இரண்டுபேரும் கை தட்டுகிறீர்கள். வருகிறேன்.

உன் அம்மா